விபத்துப் பதிவேடு: மைதானத்தில் நடந்ததைத் தாளில் ஏற்றும் முறை

2019 அக்டோபர் 4. கேரளத்தில் கோட்டயம் மாவட்டம் பாலாவில் மாநில ஜூனியர் தடகளப் போட்டி. ஈட்டி எறிதலும் சங்கிலிக்குண்டு எறிதலும் ஒரே நேரத்தில் நடந்துகொண்டிருந்தன. விழுந்த ஈட்டிகளை எடுத்துவரப் போன 16 வயது மாணவத் தொண்டரின் தலையில் இரும்புக்குண்டு வந்து தாக்கியது. அக்டோபர் 21 அன்று அவர் மருத்துவமனையில் இறந்தார். போட்டி அலுவலர்கள் மீது வழக்குப் பதிவானது.

அந்தப் பையன் போட்டியாளர் இல்லை, சம்பளம் வாங்கும் பணியாளரும் இல்லை. உதவிக்கு வந்தவர். விளையாட்டு அமைப்புகளின் பதிவேட்டிலிருந்து எளிதில் விடுபட்டுப்போகிறவர்கள் இப்படிப்பட்டவர்கள்தான். வீரருக்குத் தொடைத் தசை பிடித்தால் பிசியோ குறித்துவைக்கிறார். ரோலர் இழுப்பவரின் விரல் நசுங்கினால் துணியைச் சுற்றிவிட்டு, நாளை வரமுடியுமா என்று கேட்கிறார்கள். ‘கிரவுண்டுன்னா அடிபடத்தான் செய்யும்’ என்ற பேச்சு வீரரின் காயத்துக்கு ஓரளவு பொருந்தலாம். வேலைக்கு வந்தவரின் காயத்துக்கு அது பொருந்தவே பொருந்தாது.

கிளப் செயலாளர், அகாடமி நடத்துபவர், நீச்சல்குள மேலாளர், பள்ளி உடற்கல்வி ஆசிரியர் ஆகியோர் தாங்களே ஒரு பதிவு முறையைத் தொடங்குவதற்கான வழி இந்த அத்தியாயத்தில் இருக்கிறது. தேவைப்படுவது பக்க எண் போட்ட ஒரு கெட்டி அட்டை நோட்டு, பொறுப்புக்கு ஒருவர், அன்றன்றே எழுதும் பழக்கம்.

## யாருடைய காயம் பதிவாக வேண்டும்?

கிரவுண்ட்ஸ்மேன், கோச், நடுவர், உயிர்காப்பாளர், காவலாளி, துப்புரவுப் பணியாளர், கான்ட்ராக்டில் ஃப்ளட்லைட் மாற்ற வந்த எலெக்ட்ரீஷியன், பந்து எடுத்துப் போடும் சிறுவர்கள், ஒருநாள் தொண்டர்கள், வீடியோ எடுப்பவர், பார்வையாளர் என எல்லோருடையதும். ‘நம்ம ஆள் இல்லை, கான்ட்ராக்டர் ஆள்’ என்று எவரையும் விட்டுவிடக் கூடாது. அடிபட்ட இடம் அமைப்பின் பொறுப்பில் இருந்தால் பதிவும் அமைப்பின் பொறுப்பு.

‘நாங்கள் கிளப், தொழிற்சாலை இல்லையே’ என்பது அடுத்த வாதம். இந்த வாதம் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றிருக்கிறது. இந்தியக் கிரிக்கெட் வாரியமும் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீட்டு) சட்டத்தின் நோக்கில் ‘கடை’ என்ற வரையறைக்குள் வரும் என்று 2022 ஆகஸ்டில் தீர்ப்பானது. குதிரைப் பந்தய கிளப்புகள் தொடர்பான வழக்கில், தற்காலிகப் பணியாளர்களுக்கும் அந்தச் சட்டம் பொருந்தும் என்று 2016-இலேயே தீர்ப்பு வந்துவிட்டது.

## விளையாட்டுக் காயமா, பணியிட விபத்தா?

இதில்தான் பலரும் குழம்புகிறார்கள். கால்பந்தில் எதிராளி காலை விட்டதால் கணுக்கால் பிசகினால் அது ஆட்டத்தில் வந்த காயம்; பிசியோவின் குறிப்பேட்டுக்குப் போகட்டும். அதே கணுக்கால், மூடி போடாத ஸ்பிரிங்க்லர் குழியில் சிக்கிப் பிசகினால் அது விபத்துப் பதிவேட்டுக்கு வரவேண்டும். நான்கு கேள்விகள் போதும்:

1. இடம் காரணமா? (குழி, வழுக்கல், இருட்டு, உடைந்த படி)
2. கருவி காரணமா? (துருப்பிடித்த கம்பம், அறுந்த வலை, கழன்ற போல்ட்)
3. ஏற்பாடு காரணமா? (பக்கத்துப் பக்கத்தில் இரு போட்டிகள், ஆள் பற்றாக்குறை, கடும் வெயிலில் பயிற்சி)
4. மேற்பார்வை காரணமா? (கோச் இல்லாத நெட், உயிர்காப்பாளர் இல்லாத குளம்)

ஒன்றுக்கு ‘ஆம்’ என்று பதில் வந்தாலும் எழுதிவிடுங்கள். சந்தேகமாக இருந்தாலும் எழுதுங்கள், பிறகு பிரித்துக்கொள்ளலாம்.

## யாருக்கும் அடிபடாததையும் எழுதுங்கள்

மயிரிழையில் தப்பிய சம்பவங்களைப் பதிவு செய்வதுதான் இந்த வேலையிலேயே முக்கியமானது. நடைமுறையில் கடைசியாகத் தொடங்கப்படுவதும் அதுதான்.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் உள்ள ஹில்ஸ்பரோ மைதானத்தில் 1981 ஏப்ரலில் நடந்த எஃப்.ஏ. கோப்பை அரையிறுதியில், லெப்பிங்ஸ் லேன் பக்க மாடத்தில் கூட்டம் நெருக்கி 38 பேர் காயமடைந்தார்கள். யாரும் இறக்கவில்லை. எட்டு ஆண்டுகள் கழித்து, 1989 ஏப்ரல் 15 அன்று, அதே மைதானத்தின் அதே பக்கத்தில், இன்னொரு அரையிறுதியில் ஏற்பட்ட நெரிசல் 97 உயிர்களைக் கொண்டுபோனது. ஆபத்து முன்பே தெரிந்ததுதான், அந்த நெரிசல் எதிர்பார்த்திருக்கக்கூடியதுதான் என்று 2012-இல் வெளியான சுயேச்சைக் குழுவின் அறிக்கை சொன்னது.

நம் நாட்டிலும் இப்படி நடந்திருக்கிறது. 2025 நவம்பரில் ஹரியானாவில் சில நாள் இடைவெளியில் இரண்டு இடங்களில் கூடைப்பந்துக் கம்பம் சரிந்து விழுந்து, பயிற்சி செய்துகொண்டிருந்த 15, 16 வயதுச் சிறுவர்கள் இருவர் இறந்தார்கள். இரும்புக் கம்பத்தின் அடிப்பகுதி ஒரே நாளில் துருப்பிடித்து இற்றுப்போவதில்லை. வளையத்தைப் பிடித்துத் தொங்கும்போது கம்பம் ஆடுவதைப் பார்த்தவுடன் எழுதவேண்டிய பதிவு அது.

குறிப்பு: தப்பிய சம்பவத்துக்கு நீண்ட படிவம் நீட்டினால் யாரும் எழுத மாட்டார்கள். தேதி, இடம், என்ன நடக்கவிருந்தது என மூன்றே வரி. எழுதத் தெரியாதவர் வாயால் சொல்ல, இன்னொருவர் எழுதிப் படித்துக்காட்டிக் கைநாட்டு வாங்கலாம்.

## முதல் ஒரு மணி நேரம்: வரிசை மாறக் கூடாது

1. ஆட்டத்தை அல்லது வேலையை நிறுத்துங்கள். விசிலுக்கு ஒரே பொருள் இருக்கட்டும்: எல்லோரும் நின்ற இடத்தில் நிற்க வேண்டும்.
2. ஓடுவதற்கு முன் ஆபத்தைப் பாருங்கள். மின்சாரம் தாக்கியவரைத் தொடும் முன் மெயின் சுவிட்சை அணையுங்கள். குளோரின் நெடி வந்தால் பம்ப் அறைக்குள் நுழையாதீர்கள். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து விழுவது எல்லாத் துறையிலும் நடக்கிறது.
3. 108-ஐ அழையுங்கள். அழைப்பவர் ஒருவர், வாசலில் நின்று ஆம்புலன்ஸுக்கு வழிகாட்டுபவர் ஒருவர். மைதானத்தின் எந்தக் கேட் அகலமானது, சாவி யாரிடம் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.
4. முதலுதவி. கழுத்து, முதுகுத்தண்டில் அடி என்று சந்தேகம் வந்தால், அந்த இடத்திலேயே இருப்பதால் உயிருக்கு ஆபத்து இல்லாதவரை, நகர்த்தக் கூடாது.
5. இடத்தைக் காப்பாற்றுங்கள். கயிறு கட்டுங்கள். ரத்தத்தைக் கழுவி, உடைந்த துண்டுகளைக் கூட்டித் தள்ளிவிட்டு ஆட்டத்தைத் தொடர வேண்டாம். மரணமோ பெரிய காயமோ என்றால் காவல்துறை வரும்வரை எதையும் தொடக் கூடாது.
6. படம் எடுங்கள். முதலில் தூரத்திலிருந்து, பிறகு கிட்டத்தில். அளவு தெரிய ஒரு ஸ்கேலோ பேனாவோ பக்கத்தில் இருக்கட்டும். அடிபட்டவரின் முகம் வேண்டாம்.
7. சிசிடிவி பதிவை அன்றே தனியே எடுத்துவையுங்கள். பல கருவிகளில் சில நாட்களில் பழைய பதிவின்மேல் புதியது ஏறிவிடும்.
8. குடும்பத்துக்குச் சொல்லுங்கள். பொறுப்பான ஒருவர், தொலைபேசியில், நேராக. வாட்ஸ்அப் குரூப்பில் படம் பார்த்துத் தெரிந்துகொள்ளும் நிலை எந்தத் தாய்க்கும் வரக் கூடாது.

மருத்துவமனைக்குக் கூடப் போகிறவர் ஒன்றை மறக்கக் கூடாது. ‘எப்படி அடிபட்டது’ என்று அங்கே கேட்டு எழுதுவார்கள். ‘வீட்டில் வழுக்கி விழுந்தார்’ என்று கிளப்பைக் காப்பாற்றச் சொல்லும் ஒரு பொய், அடிபட்டவரின் இழப்பீட்டையே அடித்துவிடும். நடந்ததைச் சொல்லுங்கள். ஏ.ஆர். காப்பி என்று சொல்லப்படும் விபத்துப் பதிவு நகலைக் கேட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

## அறிக்கையை எழுதுவது

ஒரே சம்பவத்தின் இரண்டு பதிவுகளை மாதிரிக்காகப் பார்க்கலாம். பல நோட்டுகளில் காணப்படும் வகை முதலாவது:

*“கிரவுண்ட்ஸ்மேன் கவனக்குறைவாக ரோலரில் கையை விட்டுக்கொண்டார். முதலுதவி செய்யப்பட்டது.”*

இரண்டாவது:

*“ஜூன் 12, காலை 6.40. பிரதான பிட்ச், வடக்கு முனை. இருவர் இழுக்கும் கை ரோலரை ஒருவர் மட்டும் இழுத்தார். மற்றவர் விடுப்பு, மாற்று ஆள் இல்லை. இரவு மழையால் புல் ஈரம். காலில் ரப்பர் செருப்பு. பின்னால் நகரும்போது வழுக்கி விழுந்தார். இடது கை உருளைக்கும் சட்டத்துக்கும் நடுவே சிக்கியது. நடுவிரல், மோதிர விரலில் ரத்தம். 6.50-க்குக் குழாய்த் தண்ணீரில் கழுவிக் கட்டுப் போடப்பட்டது. 7.15-க்கு ஆட்டோவில் அரசு மருத்துவமனை. அலுவலக உதவியாளர் உடன் சென்றார். எக்ஸ்ரே: நடுவிரல் நுனியில் எலும்பு முறிவு.”*

முதல் பதிவைப் படிப்பவருக்குத் தெரிவது ஒரு குற்றச்சாட்டு மட்டும். இரண்டாவதைப் படித்தவுடன் செய்யவேண்டிய வேலைகள் வரிசையாகத் தெரிகின்றன: மாற்று ஆள், பிடிப்புள்ள ஷூ, ஈரமான காலையில் ரோலரை எடுப்பதா என்ற விதி, சட்டத்துக்கு ஒரு தடுப்பு. ‘கவனக்குறைவு’ என்ற சொல்லைப் பதிவேட்டில் தடைசெய்துவிடுவது நல்லது. அந்தச் சொல் வந்த இடத்தில் விசாரணை நின்றுவிடுகிறது.

எழுதும் வரிசை:

1. தேதி, மணி, துல்லியமான இடம். ‘கிரவுண்டில்’ என்றால் போதாது.
2. அடிபட்டவரின் பெயர், வயது, அவர் அங்கே என்ன வேலையில் இருந்தார்.
3. சம்பவத்துக்கு முந்தைய ஐந்து நிமிடம், பிறகு சம்பவம்.
4. கருவி, அதன் நிலை, கடைசியாக எப்போது பழுதுபார்க்கப்பட்டது.
5. வானிலை, வெளிச்சம், தரை.
6. காயம்: உடலின் எந்தப் பக்கம், எந்தப் பாகம். நோயின் பெயரை மருத்துவர் சொல்லட்டும்.
7. யார் என்ன முதலுதவி செய்தார், எத்தனை மணிக்கு.
8. பார்த்தவர்களின் பெயரும் தொடர்பு எண்ணும்.
9. உடனடியாக எடுத்த நடவடிக்கை.
10. எழுதியவரின் கையெழுத்து, எழுதிய நேரம்.

பேனாவில் எழுதுங்கள். பிழை வந்தால் ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்து. ஒயிட்னர் வேண்டாம், பக்கத்தைக் கிழிப்பதும் கூடாது.

## சாட்சிகளின் சொல்

பார்த்தவர்களைத் தனித்தனியே கேளுங்கள். ஐந்து பேரை வட்டமாக உட்காரவைத்தால் உரத்துப் பேசுகிறவரின் கதைதான் எல்லோருடைய கதையாகவும் ஆகும். ‘என்ன பார்த்தீங்க?’ என்று கேட்டுவிட்டுப் பேசவிடுங்கள். ‘அவர் ஹெல்மெட் போடலைதானே?’ என்பது கேள்வியே இல்லை. அவர் சொன்ன சொல்லிலேயே எழுதி, படித்துக்காட்டி, கையெழுத்து வாங்குங்கள்.

பிறகு அதைத் திருத்தாதீர்கள். ஹில்ஸ்பரோவில் பணியில் இருந்த காவலர்கள் கொடுத்த வாக்குமூலங்களில் 164 மாற்றப்பட்டிருந்தன. அவற்றில் 116-இல் காவல்துறைக்குப் பாதகமான குறிப்புகள் நீக்கப்பட்டிருந்தன. 2012 அறிக்கை இதை வெளியே கொண்டுவந்தபோது, திருத்தியதும் தனிக் குற்றச்சாட்டாக எழுந்து நின்றது. இறந்தவர்களின் குடும்பங்கள் உண்மைக்காக இருபது ஆண்டுகளுக்கும் மேல் அலைந்திருந்தன.

## எங்கே, எப்போது தெரிவிப்பது?

இ.எஸ்.ஐ.: பொதுவாகப் பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ வேலை செய்யும் இடங்களில், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குவோர் இதில் வருவார்கள். விபத்தை விபத்துப் புத்தகத்தில் (படிவம் 11) ஏற்றி, 24 மணி நேரத்துக்குள் விபத்து அறிக்கையை (படிவம் 12) அனுப்ப வேண்டும். மரணம் என்றால் உடனே. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருப்பதால், இப்போதைய படிவத்தைக் கிளை அலுவலகத்தில் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். இ.எஸ்.ஐ.யில் சேர்க்கவேண்டியவரைச் சேர்க்காமல் விட்டிருந்தால், அடிபட்ட பிறகு அவசரமாகச் சேர்த்துத் தேதியை மாற்றுவது மோசடி.

காவல்துறை. மரணம், உயிருக்கு ஆபத்தான காயம், கட்டடமோ மாடமோ சரிதல்.

மின் விபத்து. இதற்கு 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டத்தில் தனி அறிவிப்பு முறை இருக்கிறது. மின் ஆய்வாளர் வந்து பார்க்கும் முன் வயரிங்கைச் சரிசெய்துவிடாதீர்கள். மின் வாரிய அலுவலகத்துக்கு அன்றே தகவல் போக வேண்டும்.

காப்பீடு. பாலிசியில் அறிவிப்புக்கான கெடு எழுதியிருக்கும். அந்தப் பக்கத்தை நகலெடுத்துப் பதிவேட்டின் உள்ளட்டையில் ஒட்டிவிடுங்கள்.

பாலியல் புகார்கள். இவை பொதுப் பதிவேட்டில் ஒரு வரிகூட வரக் கூடாது. 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், விளையாட்டு நிறுவனம், மைதானம், போட்டி நடக்கும் இடம் ஆகியவற்றைப் பணியிடம் என்று பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ வேலை செய்யும் இடத்தில் உள்புகார்க் குழு கட்டாயம். புகார் அங்கே போக வேண்டும். பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். ‘முதலில் நாமே விசாரிப்போம்’ என்று கமிட்டி கூட்டம் போடும் வேலை அங்கே கிடையாது. தெரிந்தும் மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. குழந்தைகள் உதவி எண் 1098.

## தனிக் கவனம் தேவைப்படும் இரண்டு

தலையில் அடி. நெட்டில் பந்து போட்டுக்கொடுக்கும் உதவியாளருக்கும் நடுவருக்கும் இது நேரலாம். எழுந்து நின்று ‘ஒண்ணுமில்ல சார்’ என்று சொன்னாலும் அன்று அவருக்கு வேலையும் ஆட்டமும் இல்லை. முதல் சில மணி நேரம் தனியே விடக் கூடாது, வண்டி ஓட்டவிடக் கூடாது. வாந்தி, வலிப்பு, கழுத்து வலி, பார்வை இரண்டாகத் தெரிதல், கூடிக்கொண்டே போகும் தலைவலி, குழப்பம் ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனை. இவற்றை நேரத்தோடு பதிவில் எழுதுங்கள். மருத்துவருக்கு அந்த நேரங்கள் மிகவும் பயன்படும்.

2014 நவம்பர் 25 அன்று சிட்னி மைதானத்தில் பந்து கழுத்தில் பட்டு விழுந்த ஆஸ்திரேலியக் கிரிக்கெட் வீரர் பிலிப் ஹியூஸ் இரண்டு நாளில் இறந்தார். அதைத் தொடர்ந்த சுயேச்சை ஆய்வு, 2016-இல் ஹெல்மெட்டின் கழுத்துக் காப்பு, தலையில் அடிபட்டவருக்கு மாற்று வீரர் ஆகியவற்றைப் பரிந்துரைத்தது. 2019 ஆகஸ்ட் 1 முதல் சர்வதேசக் கிரிக்கெட்டிலும் மாற்று வீரர் விதி வந்தது.

நீச்சல்குள ரசாயனம். பிளீச்சிங் பவுடரும் ஆசிடும் கலந்தால் குளோரின் வாயு வரும். 2023 அக்டோபரில் புனே அருகே காசர்வாடியில் மாநகராட்சி நீச்சல்குளத்தில் குளோரின் கசிந்து பலர் மருத்துவமனைக்குப் போனார்கள். காற்றைவிடக் கனமான வாயு என்பதால் தாழ்வான இடத்தில் தேங்கும்; காற்று வரும் திசையில், மேடான இடத்துக்கு எல்லோரையும் நகர்த்துங்கள். மூச்சுத் திணறல் சில மணி நேரம் கழித்தும் வரலாம். அதனால், இருமல் இல்லாதவர்களின் பெயரையும் சேர்த்து, அங்கிருந்த ஒவ்வொருவரின் பெயரையும் எழுத வேண்டும். டப்பாவின் லேபிளைப் படமெடுத்து மருத்துவமனைக்குக் கொடுத்தனுப்புங்கள்.

## எழுதிய பிறகு

அமெரிக்காவின் நோட்ர டாம் பல்கலைக்கழகத்தில் 2010 அக்டோபர் 27 அன்று, அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியை உயரமான ஹைட்ராலிக் மேடையில் நின்று வீடியோ எடுத்துக்கொண்டிருந்த 20 வயது மாணவப் பணியாளர், பலத்த காற்றில் மேடை சாய்ந்து இறந்தார். அன்று மணிக்கு 53 மைல் வேகத்தில் காற்று வீசியது. காற்று பயமுறுத்துகிறது என்று அவரே சமூக ஊடகத்தில் எழுதியிருந்தார். அந்தப் பயத்தைச் சொல்லிக் கீழே இறங்க அவருக்கு வழி இருந்திருக்க வேண்டும். மாநிலப் பணியிடப் பாதுகாப்புத் துறை 77,500 டாலர் அபராதம் அறிவித்தது. பல்கலைக்கழகம் கம்பங்களில் தொலைவிலிருந்து இயக்கும் கேமராக்களைப் பொருத்தி, ஆள் மேலே ஏறும் வேலையையே எடுத்துவிட்டது.

நல்ல திருத்தம் அப்படித்தான் இருக்கும். ‘இனி கவனமாக இருக்கும்படி அறிவுறுத்தப்பட்டது’ என்று முடியும் விசாரணை எதையும் மாற்றவில்லை. முதலில் ஆபத்தை அகற்ற முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் தடுப்பு. அதுவும் முடியாதபோதுதான் விதியும் பயிற்சியும் ஹெல்மெட்டும். பதிவின் கடைசியில் மூன்று கட்டம் போடுங்கள்: என்ன செய்யப்போகிறோம், யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள். தேதி தாண்டினால் அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் முதல் பொருளாக அது வரட்டும்.

## வழக்கமாக நடக்கும் தவறுகள்

- அடிபட்டவர் குணமாகி வந்தபின் எழுதுவது. இரண்டு வாரத்தில் நினைவு மாறிவிடும்.
- பதிவேட்டைச் செயலாளரின் பீரோவில் பூட்டுவது. காலிப் படிவம் முதலுதவிப் பெட்டிக்குப் பக்கத்தில் தொங்கட்டும். எழுதி முடித்த பதிவு பூட்டுக்குள் போகட்டும்.
- புகார் சொன்னவரின் சம்பளத்தைப் பிடிப்பது, அடுத்த மாதம் கான்ட்ராக்டை நிறுத்துவது. ஒருமுறை இப்படி நடந்தால் பிறகு யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.
- மருத்துவ விவரங்களைக் குரூப்பில் பகிர்வது.
- ‘இந்த வருடம் ஒரு விபத்தும் இல்லை’ என்று ஆண்டறிக்கையில் பெருமையாக அச்சடிப்பது. நெட், குளம், ரோலர், ஃப்ளட்லைட் எல்லாம் உள்ள இடத்தில் நோட்டு காலியாக இருந்தால், எழுதுவது நின்றுபோயிருக்கலாம் என்று முதலில் சந்தேகப்பட வேண்டும்.

## தொடங்குவதற்கு

வருகிற சனிக்கிழமை காலை, பயிற்சிக்கு ஆள் வருவதற்கு முன், கிரவுண்ட்ஸ்மேனைக் கூட்டிக்கொண்டு மைதானத்தை ஒரு சுற்று வாருங்கள். கோல் போஸ்ட்டையும் கூடைப்பந்துக் கம்பத்தையும் கையால் ஆட்டிப் பாருங்கள். கம்பத்தின் அடியில் பெயின்ட் உப்பியிருந்தால் சுரண்டிப் பாருங்கள். சுவிட்ச் பாக்ஸின் மூடி இருக்கிறதா, ஸ்பிரிங்க்லர் குழி மூடியிருக்கிறதா, பம்ப் அறையில் ஆசிட் கேனும் பிளீச்சிங் பவுடரும் ஒரே மூலையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ‘இங்க உங்களுக்கு எது பயமா இருக்கு?’ என்று கிரவுண்ட்ஸ்மேனிடம் கேளுங்கள். அவர் சொல்வதை நோட்டின் முதல் பக்கத்தில், முதல் பதிவாக, தேதி போட்டு எழுதுங்கள்.